மயில்சாமி வாய் மூடிய மாதங்கள்

ஜூன் 8, சனி

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. வண்டிக்கு ஆயில் மாற்றிய தேதியைக்கூட மெக்கானிக்கிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரெஜினா மேடம்.

ரெஜினா மேடம் குடும்பங்களுக்குக் கவுன்சலிங் கொடுப்பவர். ஈரோட்டில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் அவர் அறை. "கீழ பல்லப் புடுங்கறாங்க, மேல பேச்சப் புடுங்கறீங்களாக்கும்" என்று உள்ளே நுழைந்ததுமே ஒரு ஜோக் சொன்னேன். என் மனைவி வாணி ஜன்னலைப் பார்த்தாள். மகள் இதழினி செருப்பைப் பார்த்தாள். மேடம் மட்டும் சிரித்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு மணி நேரம். அதில் முக்கால்வாசியை நானே தின்றுவிட்டேன் என்பது வாணியின் கணக்கு. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர், மறுக்க முடியாது. கடைசியில் மேடம் சொன்னார்: "மயில்சாமி சார், பேசணும்னு தோணறதை எல்லாம் வீட்ல எழுதுங்க. எழுதினது போக மிச்சம் இருந்தா இங்க பேசலாம்."

அதற்கு இதழினி சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பத்து வயது. ஒரு மாதமாக வீட்டில் சிரிக்காத பெண். அவள் சிரித்ததற்காகவே எழுதலாம் என்று முடிவு செய்தேன். பேட்டரி கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது.

ஏன் கவுன்சலிங் போனோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் வாணியின் தம்பி நவநீதனுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் நிறைய ஒறம்பரை, சொந்தக்காரக் கூட்டம். வாணியின் தாய்மாமன் தங்கமுத்து சோபாவில் உட்கார்ந்திருந்தவர், "குட்டி, தாத்தன்கிட்ட வா" என்று இதழினியை இழுத்து மடியில் உட்கார வைத்தார். அவ்வளவுதான். வாணி கையிலிருந்த லட்டுத் தட்டை அப்படியே தரையில் போட்டாள். ஒரு கத்து கத்தினாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் லட்டைப் பொறுக்கிக்கொண்டு எல்லாரிடமும், "பிரஷர்ங்க, பிரஷர்" என்று சமாளித்தேன்.

அன்றிலிருந்து இதழினி எங்கேயும் போகக் கூடாது. பள்ளிச் சுற்றுலா கூடாது, தோழி வீட்டுப் பிறந்தநாள் கூடாது. "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளியில் ஒரு டீச்சர்தான் ரெஜினா மேடத்தைப் பற்றிச் சொன்னார்.

தைராய்டாக இருக்கும் என்பது என் கட்சி.

ஜூன் 12, புதன்

தைராய்டு நார்மல்.

ஜூன் 15, சனி

இன்று மேடம் இதழினியிடம் குடும்பத்தை வரையச் சொன்னார். அவள் வரைந்த படத்தில் எனக்கு முகமே இல்லை, முழுக்க வாய்தான். உள்ளே பல் எல்லாம் எண்ணி எண்ணிப் போட்டிருந்தாள். வாணியை ஒரு கதவாக வரைந்திருந்தாள். கதவுக்கு இரண்டு கண், ஒரு மூக்கு, பெரிய தாழ்ப்பாள். கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்.

"இது நீயா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமா. வெளிய போக முடியாது."

வாணி அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அடுத்த வாரம் பாப்பா வேண்டாம் மேடம். நாங்க ரெண்டு பேரு மட்டும் வர்றோம்" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

வரும் வழியில் வண்டிக்குக் காற்று அடித்தேன். முன் இடது டயரில் குறைவு.

ஜூன் 18, செவ்வாய்

நான் சொல்லித்தரும் டிரைவிங் ஸ்கூலில் புது மாணவி. பெயர் ராஜாமணி. ரிட்டயர்டு நர்ஸ், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் இருந்தவரை வண்டியைத் தொட விடவில்லையாம். "அவரு போய்ச் சேந்துட்டாரு, வண்டி சும்மா நிக்குதுங்க தம்பி" என்று கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதையே நம்ப மறுக்கிறார். என் காலுக்குக் கீழே தனி பிரேக் இருப்பதால் நான் இன்றும் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன்.

ஜூன் 22, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை. மழை.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அடிப்பாசி எல்லாம் எடுத்தேன். ப்ளீச்சிங் பவுடர் அதிகமாகிவிட்டது போல. மத்தியானம் வரை கண் எரிந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இதழினி படியேறி வந்து, "அப்பா, ஏன் தொட்டிக்குள்ளயே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

நேற்று மேடத்தின் அறையில் வாணி சொன்னாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்பா இறந்த பிறகு அவர்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது தங்கமுத்து மாமன்தான். பவானிக்குப் பக்கத்தில் அவருக்கு அரிசி மில். பள்ளி லீவு விட்டால் வாணியை அங்கே அனுப்பிவிடுவார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அந்த வீட்டில், அந்த லீவுகளில், அவர் அவளிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். ஒரு லீவு அல்ல. மூன்று வருட லீவு.

சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஏன் எங்கிட்ட இத்தன நாளாச் சொல்லல?"

மேடம் மெதுவாகக் கையை உயர்த்தினார். "சார், இப்ப சொல்லிட்டாங்க. அதை மட்டும் கேளுங்க."

பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். லீவு விட்டதும் வாணிக்கு வரும் தலைவலிக்கு நான் வாங்கிப் போட்ட தைலத்துக்கு அளவே இல்லை.

ஜூன் 26, புதன்

கை வீங்கியிருக்கிறது. அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

இன்று ராஜாமணியம்மாவுக்கு வகுப்பு. வழக்கமாகப் போகும் கிரவுண்டுக்குப் போகாமல், "நேராப் போங்கம்மா" என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் நேரா" என்றேன். பவானி ரோட்டில் ஏறிவிட்டோம். அவர் ஓட்டிய வேகத்துக்குச் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்தான்.

"இவ்வளவு தூரம் டெஸ்ட்ல ஓட்டச் சொல்லுவாங்களா தம்பி?"

"சொல்லுவாங்கம்மா."

கோபத்தோடு போகிறவன் இந்த மாதிரி வண்டியில் போகக் கூடாது. வழியெல்லாம் அது ஆறி, மறுபடி கொதித்து, மறுபடி ஆறி, மில் வாசலுக்குப் போய்ச் சேரும்போது எனக்குக் கோபமா பசியா என்றே தெரியவில்லை. ராஜாமணியம்மா வண்டியை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி ஆஃப் செய்துவிட்டார். 'எல்' போர்டு போட்ட கார் ஒன்று பழிவாங்க வந்திருப்பதாக அங்கே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தங்கமுத்து மாமன் வெள்ளைச் சட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மாப்ள! டீ சொல்லட்டுங்களா? வாணிக்குக் கோவம் தீந்துதா?"

அந்தச் சிரிப்புதான் தாங்க முடியவில்லை. சட்டையைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூட்டை தூக்குகிற ஆட்கள் ஓடிவந்து பிரித்தார்கள். நான் குத்தியது அவருக்குப் பின்னால் இருந்த தூணில் போய் விழுந்தது. ராஜாமணியம்மா பயத்தில் ஹார்னை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை.

திரும்பும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாதி வழியில் மட்டும், "கையை ஐஸ்ல வைங்க தம்பி" என்றார். நடுக்கத்தில் இரண்டாவது கியரும் போட்டுவிட்டார்.

ஜூன் 27, வியாழன்

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி திரும்பிவிட்டது. தங்கமுத்து தன் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். அந்த அக்காதான் வாணியின் அம்மா, என் மாமியார் ருக்மணி அத்தை. அத்தை வாணிக்குப் போன் போட்டு, "உன்ற புருசனுக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? நீ என்னத்தச் சொல்லி அனுப்புன?" என்று கத்தியிருக்கிறார்.

வாணி என்னிடம் பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.

ஜூன் 29, சனி

இன்று மேடத்தின் அறையில் எனக்கு ஆதரவாக யாரும் இல்லை. மேஜை மேல் இருந்த பிள்ளையார்கூட அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"உனக்காகத்தானே போனேன்" என்றேன்.

வாணி திரும்பினாள். "எனக்காகவா? எங்கிட்டக் கேட்டீங்களா? இத்தன வருசம் நான் யாருகிட்டயும் முழுசாச் சொல்லல. எப்பச் சொல்லோணும், யாருகிட்டச் சொல்லோணும்னு நான் யோசிச்சு யோசிச்சு வெச்சிருந்தேன். எங்கம்மாகிட்ட நான் சொல்லியிருக்கோணும். நானு! இப்ப அந்தாளு சொன்னதுதான் அவங்க காதுல மொதல்ல விழுந்திருக்குது. அந்தாளும் எங்கிட்டக் கேக்கல. நீங்களும் கேக்கல."

என்னையும் அந்த ஆளையும் ஒரே மூச்சில் சொன்னாள். வாயைத் திறந்தேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

"சார், உங்க கோபத்துல தப்பே இல்ல," என்றார் மேடம். "ஆனா இது வாணியோட விஷயம். அடுத்து என்ன நடக்கணும்கறத அவங்கதான் சொல்லணும். நீங்க அவங்ககூட நிக்கலாம். முன்னாடி ஓடக் கூடாது."

"அப்ப நான் என்னதான் மேடம் செய்யறது?"

"அவங்ககிட்டயே கேளுங்க."

வாணியிடம் கேட்டேன். யோசித்தாள். "இப்பதைக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறேன்.

"வாணி, காபி போடட்டுமா?" "ம்." "சர்க்கரை போடட்டுமா?" "ம்." "இந்த டம்ளர்லயே கொடுக்கட்டுமா?" "..." "ஜன்னலத் தொறக்கட்டுமா, இல்ல நீயே..."

"என்னங்க, காபிக்கெல்லாம் கேக்காதீங்க! எரிச்சலா வருது."

"எதுக்கெல்லாம் கேக்கோணும்னு ஒரு தடவ..."

டவலை எடுத்து என் மேல் எறிந்தாள். இந்த ஒரு வாரத்தில் அவளாக என் பக்கம் எறிந்த முதல் பொருள். மடித்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். வாணி தானாகவே பேச ஆரம்பித்தாள். அந்த வீட்டில் ஒரு மாடு இருந்ததாம், சிவப்பு. அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டால் யாரும் வரமாட்டார்கள், முட்டும் மாடு. அதனால் லீவு முழுக்க மாட்டுத் தொழுவத்திலேயே இருப்பாளாம். எல்லாரும் அவளை "மாட்டுக்காரி" என்று கிண்டல் செய்வார்களாம்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலத் தொண்டை வரைக்கும் வந்தது. அவரைக்காயை வாயில் போட்டு மென்றேன். பச்சை அவரைக்காய் நன்றாக இருக்காது.

எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க ஒண்ணும் சொல்லாததுக்குத் தேங்க்ஸ்" என்றாள்.

அந்த மாடு இப்போது இருந்தால் அதற்கு ஒரு மாலை போடுவேன்.

ஜூலை 13, சனி

இதழினிக்குச் சொல்லும் நாள். எப்படிச் சொல்வது என்று மேடம் முன்பே வாணியோடு பேசியிருந்தார்.

வாணி மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, அம்மா உன் வயசுல இருக்கும்போது பெரியவங்க ஒருத்தர் எங்கிட்டத் தப்பா நடந்துகிட்டாரு. தொடக் கூடாத மாதிரி தொட்டாரு. அதனால எனக்கு உன்னப் பத்திப் பயம். அந்தப் பயம் என்னோடது. நீ ஒரு தப்பும் பண்ணல."

இதழினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "தங்கமுத்து தாத்தாவா?"

நாங்கள் பெயர் சொல்லவே இல்லை. லட்டு விழுந்த நாளிலிருந்து அவளே கூட்டிப் பார்த்திருக்கிறாள். கணக்கு டீச்சர் மகள்.

"ஆமா" என்றாள் வாணி.

"போலீஸ்ல சொன்னியா?"

"இன்னும் இல்ல. அத அம்மா யோசிச்சு முடிவு பண்ணுவேன்."

"அப்ப நீ அழுதியா?"

"அப்ப அழல."

"இப்ப அழலாம்மா. நான் இருக்கேன்."

மேடம் டிஷ்யூ பெட்டியை வாணி பக்கம் தள்ளினார். நான்தான் முதலில் எடுத்தேன். சளி பிடித்திருக்கிறது.

ஜூலை 20, சனி

ருக்மணி அத்தை கவுன்சலிங் வந்தார். பஞ்சாயத்து என்று நினைத்துக்கொண்டு வந்தார். பட்டுப்புடவை, கையில் ஒரு டப்பா முறுக்கு. மேடத்திடம் நீட்டி, "நீங்கதான் நல்ல வார்த்த சொல்லி இவிங்களச் சேத்தி வெக்கோணும்" என்றார்.

வாணி சொன்னாள். இந்த முறை மின்விசிறியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இருக்காது கண்ணு. அவன் என்ற கூடப் பொறந்தவன். உங்கப்பா போனப்ப அவன் இல்லீன்னா நாம தெருவுல நின்னிருப்போம். நீ சின்னப் புள்ள, என்னத்தையோ தப்பா நெனச்சுகிட்ட."

"அம்மா, அடுத்த லீவுக்கு அங்க போக மாட்டேன்னு நான் உங்கிட்டச் சொன்னேன். மாமா ராத்திரி வர்றாருன்னு சொன்னேன். நீ என்ன பண்ணுன?"

அத்தை மேஜை மேலிருந்த முறுக்கு டப்பாவைப் பார்த்தார்.

"தலைக்கு எண்ணெய் வெச்சு, ரெட்டச் சடை போட்டு, பஸ் ஏத்தி விட்ட."

கீழே பல் டாக்டரின் மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அத்தை எழுந்தார். முறுக்கு டப்பாவை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொடுத்த முறுக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதை நான் இன்றுதான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாப்பில் அவரை இறக்கிவிடட்டுமா என்று வாணியிடம் கேட்டேன். இறக்கிவிடச் சொன்னாள். போகும் வழியில் அத்தையும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் பேசாதது அத்தைக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார்.

ஜூலை 28, ஞாயிறு

அத்தையிடமிருந்து போன் இல்லை.

ஜூலை 31, புதன்

ராஜாமணியம்மா லைசென்ஸ் டெஸ்டில் பாஸ். 'எட்டு' போட்டதில் ஒரு கம்பத்தைத் தொட்டார், ஆனால் மரியாதையாகத் தொட்டார் என்று இன்ஸ்பெக்டர் விட்டுவிட்டார். எனக்கு மைசூர்பாகு கொடுத்தார். "அன்னைக்கு எதுக்குப் போனீங்கன்னு நான் கேக்க மாட்டேன் தம்பி. நர்ஸ் வேலையில நெறையப் பாத்திருக்கேன். வீட்ல அம்மிணிக்கும் கொடுங்க" என்றார்.

வாணி இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வாணி இரண்டு நாளாக வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். இன்று நின்று, "என்னங்க, அந்த வீட்ல ஒரு குழந்தை இருக்குது" என்றாள்.

தங்கமுத்துவின் மகன் வழிப் பேத்தி. ஐந்து வயது. எனக்கு அது தோன்றவே இல்லை. தூணைக் குத்தத் தெரிந்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா?

மேடத்திடம் போனில் பேசினாள். பிறகு அந்த வீட்டு மருமகள் சுதாமதியை அழைத்தாள். "நான் பேசறப்ப நீங்க பக்கத்துல இருங்க. ஆனா பேசாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அழைத்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வாணி சுருக்கமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் சுதாமதியின் குரல்: "அக்கா, பாப்பா ரெண்டு மாசமா அவரு ரூமுக்குப் போக மாட்டேங்குது. நாஞ்சும்மா அடம்னு நெனச்சேன்."

"திட்டாத. அடிக்காத. அவ என்ன சொன்னாலும் நம்பு" என்றாள் வாணி. "ரெஜினா மேடம் நம்பர் தர்றேன். அவிங்க கூட்டிப் போக வேண்டிய எடம் எல்லாம் சொல்லுவாங்க."

போனை வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்தாள். ஸ்டூலில் ஒருவர் உட்காரத்தான் இடம். எப்படியோ இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சுதாமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோபியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் தங்கமுத்து இன்று எங்கள் வீட்டுக்கு வந்தார்.

சாயங்காலம். நான் ஹோஸ் பைப்பை வைத்து டிரைவிங் ஸ்கூல் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே வந்து நின்றார், கையில் ஆப்பிள் பை. என் கை தானாக மடங்கியது. வாணி வீட்டுக்குள்ளிருந்து வந்து, "நீங்க அங்கயே நில்லுங்க" என்றாள். நின்றேன்.

"என்ன அம்மிணி, குடும்பத்தையே ஒடைக்கறியா? எப்பவோ நடந்ததுக்கு..."

"நடந்ததுன்னு ஒத்துக்கறீங்களா?" என்றாள் வாணி.

அவர் ஆப்பிள் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"நானு உங்களுக்குச் சோறு போட்டவன்."

"ஆமா. சோறு போட்டீங்க. அதுக்காகத்தான் நான் வாய மூடிட்டு இருந்தேன். இனி இருக்க மாட்டேன். இந்த வீட்டுக்கு வராதீங்க. என்ற மகளப் பாக்காதீங்க. நவநீதன் கல்யாணத்துக்கு நீங்க வந்தா நான் வர மாட்டேன். கெளம்புங்க."

முப்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பை அடக்குகிற குரல் அது. சத்தமே போடவில்லை. அவர் ஆப்பிள் பையை கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "அதையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமும் தண்ணீர் என் பேண்ட் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. வாணி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் அது அழுகையாயிற்று. "பக்கத்துல வரட்டுமா?" என்றேன். கையை நீட்டினாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நவநீதன் வந்தான். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. வாணி அவனிடமும் தானே சொன்னாள். அவனுக்கு அந்தக் காலத்தில் வயது ஒன்று. தங்கமுத்து மாமன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்து வளர்ந்தவன். கேட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டான். வாணி சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து உள்ளே வந்தான். "அக்கா, மாமன் இல்லாம கல்யாணம் நடந்தா ஊர்ல நாலு பேரு பேசுவாங்க. பேசட்டும். இணைச்சீருக்கு நீ வரலீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை உட்கார வைத்து முதலில் செய்வது இணைச்சீர். அது இல்லாமல் தாலி இல்லை.

"அப்புடியெல்லாம் பேசாத. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள் வாணி. "சாப்புடு மொதல்ல."

"அம்மாகிட்ட யாரு சொல்றது, மச்சான்?" என்றான் என்னிடம். நான் வாணியைப் பார்த்தேன். வாணி என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு நவநீதா" என்றாள். அப்பாடா.

ஆகஸ்ட் 24, சனி

எங்கள் நேரத்துக்குப் போனால் ரெஜினா மேடம் அறை வாசலில் ருக்மணி அத்தை உட்கார்ந்திருந்தார். தனியாக, பஸ் பிடித்து வந்திருக்கிறார். பட்டுப்புடவை இல்லை. முறுக்கும் இல்லை.

உள்ளே வந்து வாணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார்.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு கண்ணு," என்றார். "விழாத மாதிரி இருந்துட்டேன். அவனப் பகைச்சுகிட்டா உங்களுக்கு யாரு சோறு போடறதுன்னு பயந்துட்டேன். சடை பின்னும்போது நீ அழுதுட்டே இருந்த. நானும் பின்னிட்டே இருந்தேன்."

வாணி அம்மாவின் கையில் சுருண்ட தலைப்பைப் பார்த்தாள்.

"என்னய மன்னிக்கோணும்னு கேக்கறதுக்கு வாய் வரல."

"இப்பக் கேக்காதம்மா," என்றாள் வாணி. "எனக்கு இன்னும் கோவம் இருக்குது. எப்பத் தீரும்னு தெரியல. ஆனா நீ சொன்னது நல்லது. நான் பொய் சொல்லலைன்னு உனக்குத் தெரியும்ங்கறதே..." முடிக்கவில்லை.

அத்தை வாணியின் கையைப் பிடிக்கப் போனவர், பாதியில் நிறுத்தி, "புடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. வாணி கொஞ்சம் யோசித்தாள். சுண்டு விரலை மட்டும் நீட்டினாள். மிச்ச நேரம் முழுக்க அத்தை அந்தச் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சளி இன்னும் விடவில்லை. மேடம் இப்போதெல்லாம் டிஷ்யூ பெட்டியை நேராக என் முன்னாலேயே வைத்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 31, சனி

வாணியும் சுதாமதியும் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தார்கள். குழந்தைக்காகச் சுதாமதி புகார் கொடுத்துவிட்டாள். வாணியும் வாக்குமூலம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். "எப்படி முடிவு பண்ணுன?" என்று கேட்டேன். "பயமா இருக்குது. ஆனா பண்ணிட்டேன்" என்றாள். காரில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான் என் வேலை. வாசலில் ஒரு ஆள் பலாச்சுளை விற்றான். வாங்கி வைத்திருந்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது.

இணைச்சீர் நடந்தபோது வாணி பச்சைப் பட்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு இருந்தது. காங்கேயத்துப் பெரியம்மா ஒருவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மண்டபத்துக்கே கேட்கும்படி, "ஏனுங் ருக்மணி, மாமன்காரன் எங்கீங்? மாமன் இல்லாத என்ன கல்யாணம்?" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். மேளக்காரர்கூட ஒரு நொடி நிறுத்தினார். நான் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை எழுந்தே விட்டார்.

"அவனக் கூப்புடல. அவன் என்ற மகளுக்குக் கெடுதல் பண்ணுனவன். இனி எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு அவன் வர மாட்டான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று தாலிக்கு நேரமாகாமலே சொல்லிவிட்டார். நவநீதன் பதறிப்போய்த் தாலியைத் தேடினான். இதழினிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் பெண் வீட்டார் சிரித்தார்கள். மேடையில் வாணியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். வாணியைக் காணவில்லை. தேடிப் போனேன். பெண் அழைத்து வந்தவர்கள் தங்கிய அறையில், சூட்கேஸ்களுக்கும் பூக்கூடைக்கும் நடுவில், கோரைப்பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையோடு, வாயைத் திறந்துகொண்டு. கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒன்றும் அவளை எழுப்பவில்லை.

வாணி இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

எழுப்ப வந்த நவநீதனை அத்தை தடுத்தார். "தூங்கட்டும். போட்டோ எங்கயும் ஓடிராது."

பொண்ணும் மாப்பிள்ளையும் கோட்டும் மாலையுமாக வேர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒறம்பரை எல்லாம் இரண்டாவது ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டது. நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரோடும் பேசவில்லை. பேசத் தோன்றவும் இல்லை.

வெயில் சாய்ந்த பிறகு எழுந்து வந்தாள். "ஏன் எழுப்பல?" என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே வரிசையில் வந்து நின்றாள்.

போட்டோகிராபர் கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினார். எல்லாரும் விறைப்பாக நிற்க, வாணியின் இடது கன்னத்தில் மட்டும் பாயின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. "இத கம்ப்யூட்டர்ல எடுத்துரட்டுங்களா மேடம்?" என்று கேட்டார்.

வாணி திரையைக் கண்ணுக்கு அருகில் இழுத்துப் பார்த்தாள்.

"வேண்டாங்க. நல்லாத்தான் இருக்குது" என்றாள்.